‘அவனுக்கு விளங்காது தானே’ எண்டு சொல்ற ஸ்கூலுக்கு என்ன பதில் சொல்றது?

கேள்வி: மகனுக்கு 14 வயசு. ஆட்டிசம், அதோட அறிவு வளர்ச்சியும் கொஞ்சம் குறைவு. கொழும்பில ஒரு விசேட தேவை ஸ்கூலுக்கு வேன்ல போய் வாறான், அங்க தமிழும் இங்கிலிஷும் தான், வீட்டில தமிழ் மட்டும். இந்த வருஷம் தொடங்கினதில இருந்து ரெண்டு மூண்டு பெடியள் அவனை பொன்னயா (பொம்பிளை மாதிரி எண்டு பெடியனைக் கேலி செய்யிற சிங்களச் சொல்), ஒன்பது எண்டெல்லாம் கூப்பிடுறாங்க. இப்ப வீட்ட வந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு தானே ‘பொன்னயா, இஸ்ஸரஹட்ட யன்ன’ (முன்னுக்குப் போ) எண்டு தடிச்ச குரல்ல சொல்றான். ஆசையா வாங்கின ரோஸ் கலர் தண்ணிப் போத்தலைக் கொண்டுபோக மாட்டன் எண்டு அழுறான். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சினேகிதன்ட கையைப் பிடிச்சுக்கொண்டு திரிவான், ஸ்கூல்ல அவங்க ரெண்டு பேரையும் இப்ப பிரிச்சு இருத்தியிருக்கிறாங்க. மிஸ்ஸிட்ட கேட்டா ‘அவனுக்கு அர்த்தம் விளங்காது தானே, சொல்ற பிள்ளையளும் ஸ்பெஷல் பிள்ளையள் தானே, நீங்க இவனைக் கொஞ்சம் ஆம்பிளைப் பிள்ளை மாதிரி நடக்கப் பழக்குங்கோ’ எண்டு சொல்றா. கட்டார்ல இருக்கிற கணவர் கராத்தேக்குப் போடு எண்டு நிக்கிறார். முறைப்பாடு குடுக்கப் போனா ‘இது சட்டத்துக்கு விரோதமான விஷயம், கடைசியில உங்கட மகனுக்குத் தான் பிரச்சினை வரும்’ எண்டு ஸ்கூல்ல ஒருத்தர் பயப்படுத்திட்டார். என்ட மகன் உண்மையிலயே அப்படியா? ஸ்கூலை மாத்தவா?
– ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, நீங்க கேட்ட வரிசையில நான் பதில் சொல்லப் போறதில்லை, எது அவசரமோ அதில இருந்து வாறன்.

அந்தக் கண்ணாடி விஷயம். ஆட்டிசம் உள்ள பிள்ளையள் கேட்டதைத் திரும்பச் சொல்லுவாங்க, எக்கோலாலியா எண்டு உங்கட தெரப்பிஸ்ட் எப்பவோ சொல்லியிருப்பா. ஆனா கனபேர் கவனிக்காத ஒண்டு இருக்கு, இவங்க சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வாறதில்லை, சொன்ன ஆள்ட குரல், இழுவை, அதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் என்ன வந்தது எண்டது வரைக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வருவாங்க. உங்கட மகன் தடிச்ச குரல்ல ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ எண்டு சேத்துச் சொல்றான். காலி ரோட்டில 100 இல்லாட்டி 101 பஸ்ல ஏறின ஆருக்கும் அது கண்டக்டர் மாதிரி ஆள் கத்துற வசனம் எண்டு தெரியும். வகுப்பில படிக்கிற பெடியன் ஒருத்தன் இன்னொருத்தனைப் பாத்து அப்படிச் சொல்ல மாட்டான், ஆக்களை ஏத்தி இறக்கி முன்னுக்குத் தள்ளுற வளந்த ஆள் தான் சொல்லும். அது வேன் உதவியாளரா, கேட்டடியில நிக்கிறவரா, இல்லாட்டி ஸ்கூல் ட்ரிப்புக்குப் போன பஸ்ல கேட்டதா எண்டு நான் இங்க இருந்து சொல்ல ஏலாது, ஒருத்தரிலயும் பழி போடவும் இல்லை. ஆனா இந்தச் சொல் பிள்ளையளிட்ட இருந்து தொடங்கேல்ல எண்டு எனக்குப் பலமான சந்தேகம். பெரிய ஆள் ஒருத்தர் பகிடிக்குச் சொல்லியிருப்பார், எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, சிரிப்பு வந்ததைப் பாத்த பெடியள் அதைப் பிடிச்சுக்கொண்டாங்க. (சிங்களத்தில வந்ததெண்டு எங்கட ஆக்களைப் பெரிய திறமெண்டு நினைக்க வேண்டாம், ‘ஒன்பது’ எங்கட சொத்துத் தானே.)

அதால முதல் வேலை, ஆரிட்ட இருந்து எண்டு கண்டுபிடிக்கிறது, அதைப் பக்குவமா செய்யோணும். மகனைக் கூப்பிட்டு ‘வேன் அங்கிள் தானே சொன்னவர்?’ எண்டு கேட்டீங்க எண்டா அவன் ஓம் எண்டு தான் சொல்லுவான், ‘இல்லைத் தானே?’ எண்டு கேட்டா அதுக்கும் ஓம் எண்டுவான். அறிவு வளர்ச்சி குறைஞ்ச பிள்ளையள் அனேகமா கேக்கிற ஆள் எதை எதிர்பாக்குதோ அதுக்குத் தலையாட்டுவாங்க. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் பிழை, முதல் சொன்னது சரியில்லைப் போல எண்டு நினைச்சு பதிலை மாத்திப்போடுவாங்க. ஒரு பெரிய பேப்பரில வேன் கீறுங்கோ, சீட் எல்லாம் கீறுங்கோ, ஸ்டிக்கர் குடுங்கோ. நீ எங்க இருக்கிறாய், ஆர் பக்கத்தில, ஆர் முன்னுக்கு, கதவடியில ஆர். அவனே ஒட்டட்டும். பிறகு ‘இந்த வேன்ல என்ன சத்தம் கேக்கும்?’ எண்டு மட்டும் கேட்டுட்டு நீங்க வாயை மூடிக்கொண்டு இருங்கோ, அது தான் கஷ்டமான பகுதி, அம்மாமாருக்கு இடையில நிரப்பாம இருக்க ஏலாது. இதே மாதிரி வகுப்பு, இன்டர்வல் நேரம், டொய்லெட் போற வழி எண்டு வேற வேற நாளில கீறலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பயப்படாம வாசியுங்கோ. 2012ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த ஒரு பெரிய ஆய்வில, பல நாட்டுத் தரவுகளைச் சேத்துப் பாத்தபோது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளையளுக்கு ஏதாவதொரு வன்முறை நடக்கிற சாத்தியம் மற்றப் பிள்ளையளை விட 3.7 மடங்கு எண்டு வந்தது, பாலியல் துன்புறுத்தல் மட்டும் பாத்தா அறிவு வளர்ச்சி குறைஞ்ச பிள்ளையளுக்கு அது இன்னும் கூட. ஒரு வளந்த ஆள் ஒரு பெடியனுக்கு இந்த மாதிரிப் பட்டம் வைக்கிறார் எண்டா அது வெறும் பகிடியோட நிக்குதோ எண்டு பாக்கிறது எங்கட கடமை. உடம்பு படம் ஒண்டு கீறி எங்க ஆர் தொடலாம், எங்க தொடக்கூடாது எண்டதை உறுப்புகள்ட சரியான பேரைச் சொல்லியே பழக்குங்கோ, ‘சீச்சி’ ‘பப்பி ஷேம்’ எண்டு சொல்லி வளத்தா நாளைக்கு ஒண்டு நடந்தாலும் அவனுக்குச் சொல்ல வார்த்தை இருக்காது. உள்ளாடையில கறை, டொய்லெட்டுக்குப் போகப் பயம், திடீரெண்டு படுக்கையில சிறுநீர் போறது, இதில ஏதாவது இருந்தா ஸ்கூலோட கதைச்சுக்கொண்டு நிக்காம நேரா பொரளை லேடி ரிஜ்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, அண்டைக்கே 1929க்கும் அடியுங்கோ. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட இலக்கம், தமிழிலயும் கதைக்கலாம்.

சரி, இப்ப உங்கட பெரிய கேள்வி. ‘என்ட மகன் உண்மையிலயே அப்படியா?’

எனக்குத் தெரியாது தங்கச்சி. உங்களுக்கும் தெரியாது, அவனுக்கே இன்னும் தெரியாம இருக்கலாம், 14 வயசு. ஆனா இந்த மிஸ்ஸும் அந்தப் பெடியளும் எதைப் பாத்து முடிவெடுத்தாங்க எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நுனிக்காலில நடக்கிறது, கையை மணிக்கட்டில மடிச்சு ஆட்டுறது, பாட்டு மாதிரி இழுத்துக் கதைக்கிறது, இதெல்லாம் நான் ஆட்டிசம் உள்ள பிள்ளையளில நாளாந்தம் பாக்கிற விஷயங்கள். அதோட இவன்ட உலகத்தில ஆர் இருக்கிறாங்க? அம்மா, அம்மம்மா, ஸ்பீச் தெரப்பி மிஸ், வகுப்பு மிஸ். அப்பா போன் ஸ்கிரீனில. கேக்கிறதைப் பாத்துத் தான் குரலும் கையும் பழகுது, அவனுக்குக் கிடைச்சது முழுக்கப் பொம்பிளைக் குரல். ஒரு விசேட தேவை ஸ்கூல்ல பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை செய்யிற ஆக்களே ஆட்டிசத்தின்ட அடையாளத்தைப் பொம்பிளைத்தனம் எண்டு வாசிக்கிறது எனக்குக் கோபம் வாற விஷயம், அதை இங்க மறைக்கேல்ல.

ஆனா இதை வாசிச்சிட்டு ‘அப்பாடா, அப்ப அவன் அப்படி இல்லை’ எண்டு மூச்சு விட்டுடாதீங்கோ. ஆட்டிசம் உள்ள ஆக்களுக்கிடையில தன்பாலீர்ப்பு உள்ளவங்க, பாலின அடையாளம் வேற மாதிரி உணர்றவங்க மற்ற ஆக்களை விடக் கூட எண்டு பல ஆய்வு சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் 1990லயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்திட்டுது. அதால அவன் நாளைக்கு வளந்து ஒரு ஆம்பிளையைப் பிடிக்கும் எண்டு சொன்னாலும் சொல்லலாம், பொம்பிளையைப் பிடிக்கும் எண்டாலும் சொல்லலாம், ஒருத்தரையும் வேண்டாம் எண்டும் இருக்கலாம். எப்படி வந்தாலும் இண்டைக்கு அவனுக்கு நடக்கிறது அதே அளவு பிழை தான். ஸ்கூல்ல போய் ‘என்ட மகன் அப்படி இல்லை, ஏன் சொல்றீங்க’ எண்டு மட்டும் வாதாடாதீங்கோ. அப்படி வாதாடினா, உண்மையிலயே அப்படி இருக்கிற ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டா பரவாயில்லை எண்டு நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அவனும் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

கையைப் பிடிக்கிறது பற்றி. பின்னேரத்தில காலிமுகத்திடலுக்குப் போய்ப் பாருங்கோ, மரீன் டிரைவில பாருங்கோ, எத்தினை பெடியள் தோளில கை போட்டுக்கொண்டு, விரலைக் கோத்துக்கொண்டு திரியிறாங்க, ஆராவது நிறுத்திக் கேள்வி கேக்கிறாங்களா. இவங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்? உங்கட மகனுக்கு இருக்கிறது ஒரே ஒரு சினேகிதன் போல, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த ஒண்டு கிடைக்கிறதே பெரிய விஷயம், அதையும் பறிச்சிட்டாங்க. அடிச்சவனை விட்டிட்டு அடி வாங்கினவனுக்குத் தண்டனை. அவங்களைத் திரும்ப ஒண்டா இருத்தச் சொல்றது உங்கட கோரிக்கையில முதலாவதா இருக்கட்டும். மற்றப் பிள்ளைக்குப் பிடிக்கேல்ல எண்டா அது வேற கதை, அதை அந்தப் பிள்ளையிட்ட தான் கேக்கோணும்.

சட்டம் எண்டு பயப்படுத்தின ஆளுக்கு வருவம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரன் 1883ல கொண்டு வந்தது, அதில தன்பாலீர்ப்பு உள்ள ஆக்களுக்கு எதிராப் பாவிக்கிற 365, 365அ எண்டு ரெண்டு பிரிவு இருக்கு, உண்மை தான். ஆனா அந்தப் பிரிவுகள் பாலியல் செயலைப் பற்றினது. ஒருத்தன் எப்படி நடக்கிறான், எப்படிக் கதைக்கிறான், ஆரின்ட கையைப் பிடிக்கிறான், எந்தக் கலர் போத்தல் வச்சிருக்கிறான் எண்டதில அதுக்கு ஒரு வேலையும் இல்லை. 2023ல இந்தப் பிரிவுகளை மாத்துற தனிநபர் சட்டமூலம் ஒண்டு வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு உயர் நீதிமன்றமே சொன்னது. அதுக்குப் பிறகு அது சட்டமா நிறைவேறேல்ல, அது எங்கட பாராளுமன்றத்தின்ட லட்சணம், விடுங்கோ. ஒரு பிள்ளையைத் துன்புறுத்துறாங்க எண்டு தாய் முறைப்பாடு குடுக்கிறது எந்தச் சட்டத்திலயும் குற்றமில்லை. உண்மையில சட்டத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியது ஸ்கூல், ஏனெண்டா பிள்ளைக்குக் கொடுமை செய்யிறதுக்கு அதே சட்டக்கோவையில 308அ எண்டு ஒரு பிரிவு இருக்கு, மாற்றுத்திறனாளிகள்ட உரிமையைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. அடுத்த முறை ஆராவது ‘சட்ட விரோதம்’ எண்டு சொன்னா, ‘எந்தச் சட்டம் எண்டு எழுத்தில தாங்கோ’ எண்டு மட்டும் கேளுங்கோ. தர மாட்டாங்க.

இப்ப மிஸ்ஸின்ட ‘விளங்காது தானே’. தங்கச்சி, விளங்காத பிள்ளை போத்தலை வேண்டாம் எண்டு அழ மாட்டான். அகராதி அர்த்தம் அவனுக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா தன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க, தான் பிழையான ஒரு ஆள், ரோஸ் கலருக்கும் அதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு எண்டது வரைக்கும் சரியாக் கணக்குப் போட்டிருக்கிறான். இதுக்கு மேல என்ன விளங்கோணும்.

‘சொல்ற பிள்ளையும் ஸ்பெஷல் பிள்ளை’ எண்டதுக்குப் பதில் இன்னும் சுகம். அந்த ஸ்கூல்ல ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடிச்சா என்ன செய்வாங்க? சார்ட் போடுவாங்க, எத்தினை மணிக்குக் கடிச்சவன், அதுக்கு முதல் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது எண்டு எழுதுவாங்க, பிளான் போடுவாங்க, அம்மாவைக் கூப்பிட்டுக் கதைப்பாங்க. கடிக்கிற பிள்ளைக்கும் தான் விளங்காது, அதுக்காக ஆரும் சும்மா விடுறதில்லை. அப்ப இந்தச் சொல்லுக்கும் அதே சார்ட்டைப் போடச் சொல்லுங்கோ, அவ்வளவு தான். இப்படிக் கேட்டா மிஸ்மாருக்கு மறுக்க இடமில்லை, அவங்கட பாஷையிலயே கேக்கிறீங்க. அப்படி எழுதிப் பாத்தா அனேகமா ஆள் பாக்காத நேரத்தில தான் நடக்குது எண்டு வரும், இன்டர்வல், டொய்லெட் லைன், உடுப்பு மாத்துற நேரம், வேனுக்குக் காத்திருக்கிற நேரம். அந்த நேரங்களில ஆர் நிப்பாங்க எண்டு ஒரு ஆள்ட பேரை எழுத்தில வாங்குங்கோ, ‘நாங்க எல்லாரும் பாக்கிறம்’ எண்டா ஒருத்தரும் பாக்கேல்ல எண்டு தான் அர்த்தம்.

மகன்ட தனியாள் கல்வித் திட்டத்தில, ஐஈபில, ‘ஆம்பிளைப் பிள்ளை மாதிரி நடத்தல்’ எண்டு எந்த வடிவத்தில எழுத வந்தாலும் சைன் வைக்காதீங்கோ. ‘கை அசைவைக் குறைத்தல்’ எண்டு நாகரீகமாவும் வரும், கவனம். அந்தக் கை அசைவு அவனுக்கு மனசை ஆத்துற வழி, அதை நிப்பாட்டினா பதட்டம் வேற இடத்தால வெளிய வரும், கையைக் கடிப்பான், தலையை இடிப்பான். அதுக்குப் பதிலா ‘ஆராவது தனக்குப் பிடிக்காததைச் சொன்னா, ஒரு கார்டைக் காட்டி ஒரு பெரிய ஆளிட்டப் போதல்’ எண்டு ஒரு இலக்கைச் சேக்கச் சொல்லுங்கோ. வீட்டிலயும் பழக்கலாம். ஒரு வசனம் தான், ‘அப்படிச் சொல்லாத, எனக்குப் பிடிக்கேல்ல’, சொல்லிட்டு நடந்து மிஸ்ஸிட்டப் போறது. நீங்க பெடியன் மாதிரி நடியுங்கோ, அவன் சொல்லட்டும், பிறகு மாறி நடியுங்கோ. கண்ணாடிக்கு முன்னால பழைய வசனத்தைச் சொல்லேக்க அதட்டாதீங்கோ, அதட்டினா அது இன்னும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில போய் நிண்டு அதே தாளத்தில புது வசனத்தைச் சொல்லுங்கோ, கொஞ்சம் கொஞ்சமா அதைப் பிடிப்பான்.

அப்படிக் கூப்பிடுற பெடியன்ட அம்மாவைப் பற்றி நீங்க ஒண்டும் எழுதேல்ல, ஆனா எனக்கு இந்த ஸ்கூல்களைத் தெரியும், காலமை இருந்து மத்தியானம் வரைக்கும் வெளி வாங்கில கன அம்மாமார் ஒண்டா இருந்து சாப்பாட்டைப் பங்குபோட்டு ஒருத்தற்ற கவலையை ஒருத்தர் கேட்டு, வெளியில சொந்தக்காரரிட்டச் சொல்ல ஏலாததெல்லாம் அங்க சொல்லி, அது தான் அவங்கட உலகம். அதை உடைக்கப் பயந்து தான் பலர் வாய் திறக்கிறதில்லை. பேரன்ட்ஸ் வட்ஸ்அப் குரூப்பில மட்டும் போடாதீங்கோ, பிள்ளைட பேர் அதில வந்தா பிறகு அழிக்க ஏலாது. தனியாக் கூப்பிட்டு, ‘உங்கட மகன் இந்தச் சொல்லை எங்கயோ பெரிய ஆக்களிட்டக் கேட்டிருக்கிறான், என்ட மகனும் வீட்டில சொல்றான், ரெண்டு பேரும் சேந்து ஸ்கூல்ல கதைப்பமா’ எண்டு கேட்டுப் பாருங்கோ. அவவும் உங்களை மாதிரி ஒவ்வொரு நாளும் ஆரிட்டயோ மன்னிப்புக் கேட்டுக் களைச்ச ஆள் தான்.

முறைப்பாட்டை எழுத்தில குடுங்கோ. திகதி, நேரம், இடம், அவன் வந்து சொன்ன அதே சொல், அண்டைக்குச் சாப்பிட்டானா, நித்திரை கொண்டானா, இதெல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வாங்கோ, பிரின்சிபலுக்கு ஈமெயில் அனுப்புங்கோ, பதிலுக்கு ஒரு திகதி போடுங்கோ. அரசாங்க ஸ்கூலா, அரசாங்க உதவி பெறுறதா இருந்தா அடுத்தது வலயக் கல்வி அலுவலகம், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கொழும்பில சில நிலையங்கள் கம்பனியாப் பதிஞ்சு நடக்குது, அங்க கல்வித் திணைக்களத்துக்குக் கை எட்டாது, அப்ப 1929ம், உங்கட பிரதேச செயலகத்தில இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் தான் வழி. வேன்காரர் எண்டு தெளிவா வந்தா ஸ்கூலின்ட பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே வேனை நிப்பாட்டுங்கோ, கொஞ்ச நாளைக்கு ஓட்டோக் காசு போகும், போகட்டும்.

கணவர்ட கராத்தே. மகனுக்கு உதைக்கவும் கத்தவும் ஆசை எண்டா தாராளமா அனுப்புங்கோ, நல்ல பயிற்சி. ‘திருத்த’ எண்டு அனுப்பாதீங்கோ, அங்க இன்னொரு மாஸ்டர் இன்னொரு பட்டம் வைப்பார். அவர் தூரத்தில இருந்து ஏதாவது செய்யோணும் எண்டு துடிக்கிறார், அவருக்கு ஒரு வேலை குடுங்கோ, ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் வீடியோ கோல்ல மகனோட கதைக்கட்டும், அந்த ‘எனக்குப் பிடிக்கேல்ல’ வசனத்தை அப்பாட குரல்ல ரெக்கோட் பண்ணி அனுப்பட்டும். குரலைப் பிடிக்கிற பிள்ளை தானே. பிரின்சிபலுக்குப் போற ஈமெயில்ல அவர்ட பேரையும் சேருங்கோ, அப்பா பெயர் இருந்தா எங்கட ஆக்கள் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பாங்க, எரிச்சலான உண்மை, ஆனா பாவியுங்கோ. அவரோட இதைப் பற்றிக் கதைக்கவே ஏலாம இருந்தா, கொழும்பில 2004ல இருந்து ஈக்குவல் கிரவுண்ட் எண்டு ஒரு அமைப்பு தன்பாலீர்ப்பு, பாலின அடையாளம் எண்ட விஷயங்களில வேலை செய்யுது, குடும்பங்கள் அங்க கேட்டுப் பாக்கலாம். உங்களுக்கே இரவில நித்திரை வராம நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா 1926, தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம்.

ஸ்கூல் மாத்துறது கடைசி. புது இடம், புது வேன், புது மிஸ், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அதுவே ஒரு பெரிய அடி, சினேகிதனும் அங்க இல்லை. ஆனா எழுத்தில கேட்டும் அவங்க ஒண்டும் செய்யேல்ல, இல்லாட்டி பெரிய ஆளே துன்புறுத்தினது தெரிஞ்சும் மூடி மறைக்கப் பாத்தாங்க எண்டா ஒரு நாள் கூட யோசிச்சுக்கொண்டு நிக்காதீங்கோ, எடுத்திடுங்கோ. புது ஸ்கூல் பாக்கப் போனா ஹோல், ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் காட்டுவாங்க, நீங்க இன்டர்வல் நேரத்தில போங்கோ, அந்த அரை மணித்தியாலம் மிஸ்மார் எங்க நிக்கிறாங்க எண்டு மட்டும் பாருங்கோ.

முதல்ல அந்த வேன் படத்தைக் கீறுங்கோ, இந்த சனி ஞாயிறுக்குள்ள. மீட்டிங்குக்குத் தனியாப் போகாம ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ, அவங்க கதைக்கத் தேவையில்லை, பக்கத்தில இருந்து எழுதினாப் போதும். ஸ்கூல் என்ன பதில் தருது எண்டதை எனக்கு அனுப்புங்கோ, அதைப் பாத்துட்டு மிச்சத்தைக் கதைப்பம்.